டெஸ்ட் கிட்டில் தெரியாத சாவு

கால்சியம் 430. மெக்னீசியம் 1,350. காரத்தன்மை 8. உப்பு 35. நைட்ரேட் 5. வெப்பம் 26 டிகிரி.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்கள் இவை. பின்னாலேயே ஒரு குரல் பதிவு: “எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. ஆனா ஒண்ணொண்ணா செத்துக்கிட்டே இருக்கு.” வீவக வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கடல்தொட்டி வைத்திருக்கிறார். நன்றாக வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் கிளைத்திருந்த டார்ச் பவளம் ஒரே வாரத்தில் சுருங்கிச் சதை நழுவி வெறும் கூடாக நின்றது. அடுத்தது ஹேமர் பவளம். அதற்குப் பிறகு மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்ரோபோரா. அவர் குரலில் இருந்த கலக்கம், பவளத்தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த கலக்கம்தான். காரணம் தெரிந்தால் துக்கத்தோடு முடிந்துவிடும். தெரியாவிட்டால், மிச்சம் இருப்பதையும் எப்போது இழப்போம் என்று விடிய விடியத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

அவருக்குச் சொன்னதை இந்த வாரம் எல்லோருக்குமாக எழுதுகிறேன். எண்களைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். பவளம் எப்படிச் செத்தது என்று பாருங்கள். எந்த இடத்தில் தொடங்கியது, எந்தப் பக்கம் பரவியது, யார் முதலில் போனார், யார் இன்னும் தெம்பாக இருக்கிறார்? இந்தக் கேள்விகளுக்கான விடைதான் வழியைக் காட்டும். டெஸ்ட் கிட், தன்னிடம் கேட்ட ஐந்தாறு பொருள்களின் அளவை மட்டும் சொல்லும்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல, விலங்கு. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. கல்போல் இருப்பது அது தனக்காகக் கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கூடு. உயிர் இருப்பதெல்லாம் அந்தக் கூட்டின்மேல் போர்த்திய மெல்லிய சதையில்தான். அந்தச் சதைக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. பல பவளங்களின் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்தப் பாசி தருவதுதான். நிறத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

ஆகவே “வெள்ளையாயிடுச்சு” என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. சூடோ அதிக வெளிச்சமோ தாங்காமல் பாசியை வெளியேற்றிவிட்டு, சதை மட்டும் கண்ணாடிபோல் நிற்கலாம். இது வெளுத்தல். பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது, காப்பாற்றலாம். இல்லாவிட்டால் சதையே உரிந்து கூடு தெரியலாம். அந்த இடம் செத்துவிட்டது. இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. வெளுத்த பவளத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்து, நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வெக்கையில் சில்லர் ஒரு பிற்பகல் நின்றாலே தொட்டி நீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். சதை உரியும் பவளத்துக்கு வெளிச்சத்தைக் குறைப்பதால் பெரிய பயன் கிடையாது. அதனால் யார் படம் அனுப்பினாலும் நான் முதலில் கேட்பது, வெள்ளை விளக்கில் கிட்டத்தில் எடுத்த படம். நீல எல்இடி வெளிச்சத்தில் செத்த கூடும் அழகாகத்தான் தெரியும்.

சதை உரிவதிலும் வகை உண்டு. அடியில் தொடங்கி நாள்கணக்கில் மேலேறினால் காரத்தன்மை ஏறி இறங்கியிருக்கலாம், பாஸ்பேட் சுத்தமாக இல்லாமல் பட்டினி கிடந்திருக்கலாம், அடிப்பகுதிக்கு நீரோட்டம் போகாமல் இருந்திருக்கலாம். நுனி மட்டும் தீய்ந்தாற்போல் இருந்தால், சத்து குறைந்த நீரில் காரத்தன்மையை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டார்களா என்று கேட்பேன். மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் விளக்கைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பவளத்தைப் பார்த்த பக்கம் மட்டும் போயிருந்தால் அது சண்டை. கேலக்சியா என்றொரு பவளம் பகலில் அப்பாவியாக இருக்கும். இரவில் ஒரு சாணுக்குமேல் நீளும் கொட்டும் இழைகளை நீரோட்டத்தில் அலையவிடும். நடுராத்திரியில் சிவப்பு விளக்கு அடித்துப் பார்க்காதவருக்கு இந்தக் கொலை கடைசிவரை தெரியாது. அதே இரவு விளக்கில் அக்ரோபோராவின் சதையிலேயே ஒட்டி, அதே நிறத்தில் ஒளிந்திருக்கும் தட்டைப் புழுவையும் தேடலாம். வட்ட வட்டமாகக் கடித்த தடமும், கிளையின் செத்த அடியில் பழுப்பு முட்டைத் திட்டும் தெரிந்தால் அதுதான். மருந்து நீரில் முக்கினால் புழு உதிரும், முட்டை சாகாது. குஞ்சு பொரித்த பின் மறுபடி மறுபடி முக்க வேண்டியிருக்கும்.

டார்ச், ஹேமர் போன்ற தடித்த சதைப் பவளங்களில் பழுப்புக் கூழ் திரண்டு நின்றால் அன்றைக்கே அந்தத் தலையை வெளியே எடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அந்தக் கூழ் நீரோட்டத்தில் பக்கத்துக் கொத்துக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது, யார் முதலில் போனார் என்ற கேள்வி. கல்பவளங்கள் மட்டும் வாடி, மென்பவளங்களும் நத்தையும் இறாலும் நன்றாக இருந்தால் கால்சியம், காரத்தன்மை பக்கம் போகலாம். நத்தையும் இறாலும் முந்திக்கொண்டால் கதை வேறு. உலோகமோ பூச்சிமருந்தோ நீரில் கலந்திருக்கிறது என்று நான் சந்தேகிப்பேன்.

தம்பியிடம் நத்தையைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. “இப்ப நீங்க கேட்டாத்தாண்ணே தோணுது. கண்ணாடியில ஏறுற நத்தை ஒண்ணையும் கொஞ்ச நாளா காணோம். இறால் போன மாசமே போச்சு.” இறால் செத்ததை அவர் ஒரு சேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பவளத்துக்குக் கொடுத்த விலை பெரிது, இறாலுக்குக் கொடுத்தது சில வெள்ளி. கண் விலையைத்தான் பின்தொடர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது தொட்டி மேடையின் கீழே புது போத்தல்கள் வரிசையாக நின்றன. அந்த ஒரு வாரத்தில் காரத்தன்மை ஏற்றும் மருந்து ஊற்றியிருக்கிறார், பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளைப் போட்டிருக்கிறார், கரியை மொத்தமாக மாற்றியிருக்கிறார், விளக்கின் அளவைக் குறைத்திருக்கிறார், பவளத்தைத் தேற வைக்கும் என்று கடையில் கொடுத்த ஏதோ ஒரு திரவத்தையும் விட்டிருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானதுதான். சேர்த்துப் பார்த்தால் ஆபத்து. பாஸ்பேட் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் பவளம் பட்டினியாகும். புதுக் கரி நிறையப் போட்டால் நீரின் மஞ்சள் ஒரே நாளில் நீங்கி, விளக்கைத் தொடாமலேயே வெளிச்சம் கூடிவிடும். காரத்தன்மையை ஒரு நாளில் 1 டிகிரிக்குமேல் ஏற்றினால் அது தனி அதிர்ச்சி. இனி ஒரு பவளம் செத்தால் அது பழைய காரணத்தால் செத்ததா, புது வைத்தியத்தால் செத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் தெரியாத சாவுகளில் பல, இரண்டாவது வாரத்தில் இப்படித்தான் தெரியாதவையாக ஆகின்றன என்பது என் அனுபவம்.

அதனால் எல்லா மருந்தையும் நிறுத்தச் சொன்னேன். நல்ல நீரில் கலந்த உப்புநீரைக் கொண்டு பெரிய அளவில் நீர் மாற்றுவது, கொஞ்சம் கரி. இவை இரண்டும் அநேகமாக எந்தக் காரணத்துக்கும் உதவும், எதையும் மறைக்காது. அதன்பிறகு தேடல்.

நீரிலிருந்து தொடங்கினோம். சிங்கப்பூரின் குழாய்நீரில் கிருமியைக் கொல்லப் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பது குளோரமின். ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்ற பழைய வழக்கம் இதற்குச் செல்லாது. தொட்டிக்கு நீர் எடுக்கும் ஆர்ஓ வடிகட்டியின் கரி குளோரமினை உடைக்கும். உடைந்ததும் அம்மோனியா மிஞ்சும். அதை ஆர்ஓ சவ்வு முழுதாகப் பிடிக்காது. கடைசியில் இருக்கும் பிசின் குடுவைதான் பிடிக்க வேண்டும். பிசின் தீர்ந்துபோனால் அம்மோனியா தொட்டிக்கே வரும். வடிகட்டி வாங்கிய நாளோடு அதை மறந்துவிடும் வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். தம்பி வீட்டு வடிநீரில் அம்மோனியா சோதித்தோம், இல்லை. உப்பு அளக்கும் கருவியை வெறும் நீரில் சரிபார்த்தால் போதாதென்று 35 அளவுக்கான திட்ட நீரில் பார்த்தோம், சரியாக இருந்தது.

அடுத்தது காற்று. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றைக் கூடத்திலிருந்து இழுத்து, பொடிக்குமிழியாக நீரில் அடிக்கிறது. கூடத்துக் காற்றில் இருப்பதெல்லாம் தொட்டி நீரைத் தொட்டுத்தான் போகிறது. பெயின்ட் வாடை, தரை துடைக்கும் திரவம், கொசுவிரட்டி, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே எதற்கும் விலக்கில்லை. கொசு மருந்துகளில் இருக்கும் பைரெத்ராய்டுகள் மனிதருக்கு அதிகம் தீங்கில்லை என்பதால்தான் வீட்டுக்குள் அனுமதிக்கிறார்கள்; இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் அவை கொடிய நஞ்சு. டெங்கிக் காலத்தில் புளோக்கில் புகை அடிக்கப்போவதாக மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டினால், அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, ஸ்கிம்மரை நிறுத்தி, தொட்டிக்கு வேறு வழியில் நீரசைவு மட்டும் கொடுங்கள். தம்பி வீட்டில் அண்மையில் புகையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. கொசுவிரட்டியை அவர் மனைவி தொட்டி வந்த நாளிலேயே படுக்கையறைக்கு மாற்றிவிட்டார்.

மிஞ்சியது உலோகம். மின்சாரத்தை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்துப் பார்த்தோம். அலை பம்பின் அச்சு, ஹீட்டரின் கண்ணாடி, குழாய்ப் பிடிகள், திருகாணிகள். எல்லாம் சுத்தம். கடைசியில் பின்புறக் கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, மணலில் பாதி புதைந்து கிடந்தது கண்ணாடி துடைக்கும் காந்தத்தின் உள்பாதி. எப்போதோ நழுவி விழுந்திருக்கிறது. உள்பாதியைக் காணோமே என்று அவர் இன்னொன்று வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் உறை விரிந்து, உள்ளே காந்தம் பழுப்பாகப் பொருமியிருந்தது.

இந்த வகைக் காந்தங்கள் நியோடிமியமும் இரும்பும் போரானும் சேர்ந்தவை. துரு ஏறாமலிருக்க வழக்கமாக நிக்கல், செம்பு, மறுபடி நிக்கல் என்று மூன்று பூச்சு பூசுவார்கள். உறை விரிந்தால் உப்புநீர் அந்தப் பூச்சைத்தான் முதலில் தின்னும். கடலில் செம்பு இயல்பாக லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் செம்பு மருந்து விடுகிறோமே, அந்த அளவில் நத்தை, இறால், பவளம் எதுவும் தப்பாது. அதைவிட மிகக் குறைந்த செம்பும் நாள்பட்டால் கொல்லும், அந்தக் குறைந்த அளவு வீட்டு டெஸ்ட் கிட்டில் ஏறாது. நுண்ணளவு உலோகங்களையும் அளக்கும் ஐசிபி சோதனைக்காக ஆய்வகத்துக்கு நீர் அனுப்பினோம். முடிவு வந்தபோது செம்பும் நிக்கலும் உயர்ந்திருந்தன. காந்தம் அதற்குள் குப்பைக்குப் போயிருந்தது. செம்பை உறிஞ்சும் பிசின் ஓடிக்கொண்டிருந்தது. கல்லும் மணலும் உறிஞ்சி வைத்திருக்கும் செம்பு மெல்லத்தான் வெளியேறும், இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

எல்லாத் தேடலும் இப்படி ஒரு துருப்பிடித்த காந்தத்தில் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். 2014-இல் அமெரிக்காவின் மயாமி அருகே கடலில் ஒரு நோய் தொடங்கியது. கல்பவளத்தின் சதை திட்டுத் திட்டாக உரியும். நூற்றாண்டுகள் வாழ்ந்த மூளைப் பவளங்கள் சில வாரங்களில் போய்விடும். ஃபுளோரிடா முழுக்கப் பரவி, கரீபியக் கடலுக்கும் போய்விட்டது. எத்தனையோ ஆய்வகங்கள் முயன்றும் இன்ன கிருமிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமாக்ஸிசிலின் கலந்த பசையை முக்குளிப்பவர்கள் ஒவ்வொரு பவளமாகப் பூசி, சிலவற்றைக் காப்பாற்றுகிறார்கள். நோய் எட்டாத இடத்துப் பவளங்களை முன்கூட்டியே எடுத்துவந்து, அமெரிக்காவின் பல மாநிலத்துக் காட்சியகங்களில் தொட்டிகளில் வைத்து வளர்க்கிறார்கள். தொட்டியில் பவளம் வளர்க்கத் தெரிந்தவர்களின் கைப்பழக்கம் அங்கே பல இனங்களின் காப்புக்குப் பயன்படுகிறது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் தொட்டிக்குள்ளேயே செயற்கையாக உண்டாக்கி, பவளங்களை முட்டையிடச் செய்தார்கள். வீட்டுத்தொட்டியை வெறும் பொழுதுபோக்கு என்று பேசுகிறவர்களிடம் இதையெல்லாம் நான் சொல்வதுண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத எரிச்சலில் சிலர் கற்களை எடுத்துக் கொதிநீரில் போடுகிறார்கள், கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள். அந்தக் கல்லில் பொத்தான்போல் ஒட்டியிருக்கும் சோவாந்திட், பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். உலகில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. கொதிக்க வைக்கவே கூடாது. தொட்டால் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பவளம் தாமதமாகப் பதில் சொல்லும் உயிர். இன்று பட்ட அடி இரண்டு வாரம், சில நேரம் ஒரு மாதம் கழித்துத்தான் சதையில் தெரியும். அதற்குள் நமக்கு மறந்துவிடும். ஆகவே நோட்டில் எண்களோடு வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். பெயின்ட் அடித்த நாள், மின்சாரம் போன நேரம், பணிப்பெண் புதுத் திரவத்தால் துடைத்த நாள், புதிதாகத் தொட்டிக்குள் போன பொருள், காணாமல்போன பொருள், செத்த இறால். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், அதற்குப் போதுமான நாள் கொடுக்க வேண்டும். போத்தல்களை அடுக்கத் தேவையில்லை. 1961-இல் ஜகார்த்தாவில் தொட்டி வைத்திருந்த லீ சின் எங், உயிர்கள் ஒட்டியிருக்கும் உயிர்க்கல்லையும் கடல்நீரையும் காற்றுக்குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டியில் பவளம் வளர்த்த முறையை எழுதினார். போத்தல்கள் எதுவும் அப்போது கிடையாது.

நான் பிறந்தது தூத்துக்குடியில். மன்னார் வளைகுடாப் பவளங்களைப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்ட காலம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாறை போனதும் அலை நேரே மோதி, அங்குள்ள 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. இன்று அங்கே பவளத்தைப் பெயர்த்தெடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் இன்னும் முன்னால் பவளத்துக்கு வந்திருக்க வேண்டும். சிங்கப்பூரும் நிலமீட்புக்காகத் தன் பவளத்திட்டுகளில் பாதிக்குமேல் இழந்த ஊர்தான். இப்போது ஒரு லட்சம் பவளங்களை நடும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. வெந்துகொண்டிருக்கும் கடலில் அவை எத்தனை பிழைக்கும் என்ற கவலையோடுதான் நடுகிறார்கள்.

அதனால் தொட்டியில் ஒரு பவளம் செத்தால், அந்த வெற்றிடத்தை நிரப்ப அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போகாதீர்கள். காரணம் தெரியும்வரை, மிச்சமிருப்பவை மறுபடி இழை விரித்து ஒரு முழு மாதம் ஆகும்வரை, புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பிறகு வாங்கும்போது பண்ணையிலோ இன்னொருவர் தொட்டியிலோ வெட்டி வளர்த்த துண்டாகக் கேளுங்கள். கடலில் பெயர்த்த கொத்து என்றால் வேண்டாம் என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.